கடைசி பெஞ்சுக் கிண்ணம்

எல்லாக் கிண்ணங்களும் வெந்நீருக்குள் போய்விட்டன. ஒன்று மட்டும் போகவில்லை. அது சன்னல் மேடையில், திராட்சரசம் விளிம்புவரை நிற்க, இப்போதுதான் ஊற்றி வைத்ததுபோல இருந்தது. தயாவதி அதைப் பார்க்காமல் கழுவினாள். பார்க்காமல் என்றால், நாலு கிண்ணத்துக்கு ஒரு தரம் மட்டும் பார்த்தாள். ஆராதனை முடிந்து கால் மணி நேரம்தான் ஆகிறது. வெளியே பந்தலில் பிரியாணி அண்டாவைத் திறந்துவிட்டார்கள். வாசனை வெஸ்திரிக்குள் வந்து திராட்சரச வாடையோடு கலந்தது. வெஸ்திரி என்பது பேருக்குத்தான், குருவானவர் அங்கி மாட்டுகிற ஒரு சின்ன அறை, மூலையில் ஒரு சிமெண்ட் தொட்டி, ஒரு குழாய். பத்தொன்பது வருஷமாக மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து முடிந்ததும், அவள் இந்தத் தொட்டிக்கு முன்னால் நின்றிருக்கிறாள். முதலில் ஒரே ஒரு வெள்ளிப் பாத்திரம், எல்லாரும் பீடத்தண்டையில் முழங்கால்படியிட்டு அதிலேயே குடித்தார்கள். கொரோனாவுக்குப் பிறகு விரல் உயரக் கண்ணாடிக் கிண்ணங்கள் வந்தன. உட்கார்ந்த இடத்துக்கே தட்டு வரும், குடித்துவிட்டு முன்பெஞ்சின் முதுகில் இருக்கிற துளையில் செருகிவிட வேண்டியது. கோயிலில் மணியடித்துக் கூட்டிப் பெருக்குகிற கோயில்குட்டியார் மாசிலாமணி பெஞ்சு பெஞ்சாகப் போய்ப் பொறுக்கித் தட்டில் அடுக்கிக்கொண்டு வருவார். இவள் கழுவுவாள். மிச்சமிருக்கிற ரசத்தைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது, அது ஜெபம் பண்ணின ரசம். கழுவுகிறவளே குடித்துவிட வேண்டும் என்று முன்பிருந்த குருவானவர், பழைய ஐயர், சொல்லி வைத்திருந்தார். குடித்தாள். போன நாலு மாசமாக மாசிலாமணி கொண்டுவரும் தட்டில் ஒரு கிண்ணம் நிறைந்தபடியே வரும். எபநேசர் சாருக்குச் சர்க்கரை, பாவம், ரசத்தைத் தொட மாட்டார், வேறு யார் என்று தானாகவே முடிவு கட்டி அதையும் எடுத்துக் குடித்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொள்வாள். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. எல்லாருக்கும் ஒரு மடக்கு, எனக்கு ரெண்டு.

இன்றைக்கு மாசிலாமணி தன் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு நாசரேத் போய்விட்டார். அவளே பொறுக்கப் போனாள். எபநேசர் சாருடைய கிண்ணம் துடைத்துவைத்ததுபோலக் காலியாக இருந்தது. மனுஷன் அடிமட்டம்வரை உறிஞ்சியிருக்கிறார், சர்க்கரையாவது ஒன்றாவது. நிறைந்த கிண்ணம் பெண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சில், சுவரோரத்துத் துளையில் இருந்தது. அந்த இடத்தில் யார் உட்காருவார்கள் என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பழைய பேப்பர்க்காரர் வீட்டம்மா. முப்பிடாதி. இல்லை, அவளுக்கு வேறு பேர் உண்டு, ஞானஸ்நானத்தில் வைத்த பேர், நாலு வருஷம் ஆகிறது, ஆனால் சபையில் ஒருத்தர்கூட அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, தயாவதியும் கூப்பிட்டதில்லை, நாக்கு பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. முதலில் வந்தது கோபம்தான். கர்த்தருடைய பந்தியில் உட்கார்ந்து, கையில் வாங்கி, குடிக்காமல் வைத்துவிட்டுப் போகிறது என்றால் என்ன திமிர்? வேண்டாம் என்றால் தட்டு வரும்போதே தலையை ஆட்ட வேண்டியதுதானே? ஐந்து மாசம்! ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், இந்த நவம்பர். ஒவ்வொரு மாசமும் வாங்கி, ஒவ்வொரு மாசமும் வைத்து. கிண்ணத்தின் கழுத்தை விரலால் தேய்த்தபோது கண்ணாடி கிறீச்சென்றது. ஜூலைக்கு முந்தி என்ன நடந்தது என்று மனசு தானாகப் பின்னால் போய்த் தேடியது. தேடுகிறதுபோல நடித்தது. அதற்குத் தெரியும்.

ஜூன் முதல் ஞாயிறு. இதே தொட்டி, இதே குழாய். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஆறேழு பேர் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். முப்பிடாதி உள்ளே வந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "டீச்சர், மூட்டு வலின்னு சொன்னீயளே, நீங்க உக்காருங்க, நான் கழுவித் தாரேன்" என்று தட்டுக்குக் கை நீட்டினாள். அவ்வளவுதான் அவள் செய்தது. தயாவதி தட்டை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு, "இருக்கட்டும். இதெல்லாம் எல்லாரும் தொடுற காரியமில்ல" என்றாள். வாசலில் பேச்சு நின்றது. யாரோ ஒருத்தி இருமினாள். அந்த அம்மா நீட்டிய கையை மெதுவாக மடக்கி, செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டு, "சரிங்க டீச்சர்" என்று போய்விட்டாள். தயாவதி அப்போது என்ன நினைத்தாள்? கண்ணாடிக் கிண்ணம், உடைந்துவிடும் என்று நினைத்தாள். இல்லை. பரிசுத்தமான பாத்திரம், பழக்கமுள்ள கைதான் தொட வேண்டும் என்று நினைத்தாள். அதுவும் இல்லை. ஊர் ஊராய்ப் பழைய இரும்பும் பேப்பரும் பொறுக்குகிற கை என்று நினைத்தாள், அதற்கும் அடியில் இன்னொன்றை நினைத்தாள், அந்த இன்னொன்றை நினைத்ததற்கு அவளுக்கே பேர் வைக்கப் பிடிக்கவில்லை. சபையில் அதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை; பெண் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் மட்டும் அது தானாக எழுந்து வந்து நடு வீட்டில் உட்காரும். தயாவதி இரண்டு கிண்ணங்களை ஒன்றாகத் தண்ணீரில் போட்டாள். ஒன்றோடொன்று இடித்தன. உடையவில்லை.

இன்றைக்குப் பிரசங்கத்துக்கு வந்தவர் பாளையங்கோட்டையிலிருந்து வந்த விருந்தினர், சபை வளர்ச்சியைப் பற்றிப் பேசுவதற்கென்றே ஊர் ஊராகப் போகிறவர். ஆளுக்கொரு தாள் கொடுத்திருந்தார், அதில் ஏணி மாதிரி ஒரு படம், பின்பக்கம் ஒரு வசனம். ஆதிச் சபையில் ஒரே நாளில் மூவாயிரம் பேர் சேர்ந்தார்கள், சரி, மூவாயிரம் பேரும் எங்கே உட்கார்ந்தார்கள், யார் வீட்டில் சாப்பிட்டார்கள், யாருக்குப் பக்கத்தில் யார் சாப்பிட்டார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா என்று கேட்டார். ஜனங்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கூட்டம் பெருகுவது வேறு, சபை வளர்வது வேறு. கூட்டத்துக்குப் பந்தல் போதும், சபைக்கு உங்கள் வீட்டு வாசல் வேண்டும் என்றார். அப்போது தயாவதி முன்பெஞ்சில் தலையை ஆட்டினாள். நன்றாகப் பேசுகிறார் என்று ஆட்டினாள். உங்கள் பெஞ்சுக்குப் பின்னால் இருக்கிறவர்களின் பேர் தெரியுமா என்று அவர் கேட்டபோதும் ஆட்டினாள், முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ரிஜிஸ்டர் வாசித்தவளுக்கு யார் பேர் தெரியாது? லோவிசாள். ஞானஸ்நானத்துக்கு முந்தின எட்டு ஞாயிறும் முப்பிடாதிக்கு வகுப்பு எடுத்ததே தயாவதிதான். பேரைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான். கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டாள். இப்போது நினைத்தால் எட்டாவது வகுப்பு ஞாபகம் வருகிறது, ஏன் வருகிறது, வர வேண்டாம். திருவிருந்தைப் பற்றிய பாடம். பீடத்துக்கு முன்னால் வந்து நிற்கும்போது, யாருக்காவது உன்மேல் மனத்தாங்கல் இருக்கிறது என்று ஞாபகம் வந்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டுப் போய் முதலில் அவர்களோடு ஒப்புரவாக வேண்டும், அப்புறம்தான் வர வேண்டும் என்று ஆண்டவர் சொன்னார் என்று கரும்பலகையில் எழுதிப்போடாத குறையாகச் சொல்லிக் கொடுத்தாள். அந்த அம்மா அன்றைக்கு ஒரு சந்தேகம் கேட்டாள். "டீச்சர், போயி அவ்வோளப் பாக்க முடியலன்னா?" தயாவதி சிரித்தாள். "பாக்க முடியுறவரைக்கும் பொறுத்திருக்கணும்."

பாக்க முடியுறவரைக்கும். தண்ணீர் ஆறிவிட்டது. ஜூலையில், திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம், கேட்டுக்கு வெளியே ஒரு மஞ்சள் பையோடு அந்த அம்மா நின்றாள். பையிலிருந்து முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. தயாவதி கம்பிக் கதவைத் திறக்காமலே, "ஸார் வெளிய போயிருக்காவ, சர்டிபிகேட்டுன்னா நாளைக்கு ஆபீஸ்ல கேளுங்க" என்றாள். அவள் கணவர் ஜெயகரன் சபைச் செயலாளர், வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் சர்டிபிகேட்டுக்குத்தான் வருவார்கள். "சர்டிபிகேட்டுக்கு இல்ல டீச்சர்..." என்று அந்த அம்மா ஆரம்பித்தாள். குக்கர் விசில் அடித்தது. தயாவதி உள்ளே போய்விட்டாள். ஆகஸ்டில் ஒரு நாள் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்தபோது மருமகள் சொன்னாள், "அத்தே, அந்தப் பேப்பர்க்கார அம்மா வந்தாவ, நீங்க தூங்குறீயன்னேன், போயிட்டாவ." என்ன கிழமை அது? சனிக்கிழமை. சனிக்கிழமையாகத்தான் இருக்கும், மறுநாளைக்கு வெள்ளைச் சேலைக்கு இஸ்திரி போட்டது ஞாபகம் இருக்கிறது. செப்டம்பரிலும் வந்தாளா? அக்டோபரிலும்? கேட்டு வரைக்கும் வந்து திரும்பியிருப்பாளா? நேற்று? நேற்று நாய் குரைத்தது. நேற்று தயாவதி யாரென்று பார்க்கவில்லை, இன்றைக்கு மேடையில் தனக்குப் போர்த்தப்போகிற சால்வைக்குப் பொருத்தமாக எந்தச் சேலை கட்டுவது என்று பீரோவைக் கலைத்துக்கொண்டிருந்தாள். டீச்சருக்கு மனத்தாங்கல் கொடுத்துவிட்டோம் என்று நினைத்து, தப்பே செய்யாத ஒருத்தி, மன்னிப்புக் கேட்க மாசாமாசம் வந்திருக்கிறாள். ஒப்புரவாக முடியவில்லை, ஆகவே குடிக்கவில்லை. டீச்சர் சொன்னபடி. டீச்சர் என்ன செய்தாள்? டீச்சர் தன் கிண்ணத்தைக் குடித்தாள், அப்புறம் வெஸ்திரிக்கு வந்து அவளுடையதையும் சேர்த்துக் குடித்தாள். ஐந்தாவதும் சன்னல் மேடையில் காத்திருக்கிறது. தயாவதிக்கு அழுகை வந்தது, கை ஈரம், துடைக்க முடியவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

அப்புறம் பயம் வந்தது. பயம் வந்தால் அவளுக்குக் கணக்கு வாத்தியார் மாதிரி மாதம் மாதமாகக் கணக்குப் போட்டுத்தான் வரும். தகுதி இல்லாமல் இந்தப் பாத்திரத்தில் குடிக்கிறவன் தன் ஆக்கினையைத் தானே குடிக்கிறான், அதனால்தான் உங்களில் இத்தனை பேர் நோயாளிகள், சிலர் செத்தும் போனார்கள் என்று பவுல் கொரிந்து சபையாருக்கு எழுதினாரே, அதையும் அவள் வகுப்பில் சொல்லியிருக்கிறாள், சாதாரணக் குரலில். ஜூலையில் இந்த மூட்டு மடக்க முடியாமல் போனது. ஆகஸ்டில் மெஞ்ஞானபுரத்துத் தம்பி, சாப்பிட்டுக் கை கழுவப் போனவன், வாசல்படியிலேயே. செப்டம்பரிலிருந்து பெங்களூரில் இருக்கிற மகன் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவதை நிறுத்திவிட்டான், கேட்டால் வேலை என்கிறான். ஒன்றுக்கு ஒன்று. இரட்டிப்பாகக் குடித்ததற்கு இரட்டிப்பாக. மூட்டு தேய்ந்திருக்கிறது என்று டாக்டர் மூன்று வருஷத்துக்கு முந்தியே படம் எடுத்துக் காட்டியதும், தம்பிக்கு இருதயத்தில் இரண்டு அடைப்பு இருந்ததும் அவளுக்குத் தெரியாததில்லை. பயப்படுகிறவளுக்கு அதெல்லாம் உதவுமா? பாவம், ஈரக் கையோடு நின்று தம்பியின் சாவைத் தன் தலையில் எடுத்து வைத்துக்கொண்டாள். இதை என்ன செய்வது? குடிக்க முடியாது. இனி முடியாது. சாக்கடையில் ஊற்றவும் முடியாது. வெளியே செம்பருத்திச் செடி நிற்கிறது, வேரில் ஊற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது, மண் குடித்துவிடும், கிண்ணத்தைக் கழுவி நூற்றுப் பதினாறோடு நூற்றுப் பதினேழாகக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ச் சால்வையை வாங்கிக்கொள்ளலாம். அடுத்த மாசம் மாசிலாமணி வந்துவிடுவார். யார் வைத்தது என்று தெரியாத கிண்ணமாக அது மறுபடியும் தட்டில் வரும். தெரியாமலிருப்பது எவ்வளவு சுகமாக இருந்தது. அவள் சன்னல் வரைக்கும் போய்க் கிண்ணத்தை எடுத்தாள். வெளியே நீட்டவும் செய்தாள்.

வெளியே ஒலிபெருக்கி கரகரத்தது. இதுவரை டவுன் கோயிலுக்குக் கிளையாக இருந்த இந்தச் சபை இன்று முதல் தனிச் சேகரம், இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். கைதட்டல். இந்த வளர்ச்சிக்கு மறைவாக உழைத்தவர்களைக் கனப்படுத்த விரும்புகிறோம், முதலாவதாகத் திருமதி தயாவதி ஜெயகரன் அம்மா மேடைக்கு வரவும். தயாவதி சன்னல் வழியாகப் பார்த்தாள். எல்லாரும் பந்தலுக்குள் மேடையைப் பார்த்து உட்கார்ந்திருக்க, கோயில் வாசலில் ஒரே ஒரு பெண் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். வளர்ச்சித் தாள்கள். ஜனங்கள் வாங்கிய கையோடு கீழே போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள். பேப்பர்க்காரி பேப்பர் பொறுக்குகிறாள் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். அரை நிமிஷம் தயாவதியும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் அந்த அம்மா ஒவ்வொரு தாளாக எடுத்து, மிதிபட்ட மண்ணை முந்தானையால் துடைத்து, வசனம் எழுதிய பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி, படிக்கட்டில் கொண்டுபோய் வைத்து, பறக்காமல் ஒரு கல்லையும் வைத்தாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தாள். சாப்பிடவில்லை. ஒரு பந்தியில் ஒப்புரவில்லாதவள் இன்னொரு பந்தியில் எப்படி உட்காருவாள்.

கதவு திறந்தது. ஜெயகரன். வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, "ஏ தயா, என்ன செய்யுத இன்னும்? ஐயா ரெண்டு தடவ கூப்பிட்டாச்சு. பாளையங்கோட்டை ஐயா சால்வையக் கையில வச்சிக்கிட்டு நிக்காவ."

"நீங்க வாங்கி வச்சிக்கிடுங்க."

"நான் எப்படி வாங்குவேன்? கண்ணு ஏன் செவந்திருக்கு? மூட்டா?"

"மூட்டு இல்ல" என்றாள். கிண்ணத்தின் மேல் வெள்ளைத் துணியைப் போட்டு மூடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவரைத் தாண்டி வெளியே போனாள். பந்தலைச் சுற்றிப் போக வழி கிடையாது, நடுவில்தான் போக வேண்டும். போனாள். வெள்ளைத் துணியைப் பார்த்ததும் சிலர் பழக்கத்தில் எழுந்து நின்றார்கள். மேடைக்குத்தான் வருகிறாள் என்று ஒலிபெருக்கி "அம்மா வந்துகொண்டிருக்கிறார்கள்" என்றது. அவள் மேடையைக் கடந்தாள். ஐயர் பார்த்தால் என்ன சொல்லுவார், பீடத்துப் பொருளைத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போகிறாளே என்பாரா? சொல்லட்டும். இந்த மூட்டு இவ்வளவு வேகமாக நடக்குமா? கேட்டுக்கு வெளியே இரண்டு ஆட்டோவும் ஒரு டூவீலரும் நின்றன, அந்த அம்மா சாலையைக் கடக்க இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"லோவிசாள்!"

அவள் திரும்பவில்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியவில்லை. நாலு வருஷமாக யாரும் கூப்பிடாத பேர். தயாவதி கிட்டே போய்த் தோளைத் தொட்டாள். அவள் பதறிப்போய்ச் செருப்பைக் கழற்றினாள்.

"டீச்சர், என்ன டீச்சர்? நான் ஒண்ணும் எடுக்கல, தாளத்தான் அடுக்கி வச்சேன்."

"அன்னைக்கு நான் சொன்னது பாவம்" என்றாள் தயாவதி. பேச்சு ஒழுங்காக வரவில்லை, முப்பது வருஷம் பேசிப் பிழைத்தவளுக்கு. "எல்லாரும் தொடுற காரியமில்லன்னு சொன்னேன்லா. அது கிண்ணத்துக்காகச் சொல்லல. ஒன்னச் சொன்னேன். வேணும்னுதான் சொன்னேன். மன்னிச்சிரு."

லோவிசாள் அவள் முகத்தையும் வெள்ளைத் துணியையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான்லா ஒங்களச் சங்கடப்படுத்திட்டேன்னு நெனச்சேன். கேக்காம கைய நீட்டிட்டேன்னு. கேட்டு வரைக்கும் நாலஞ்சு தடவ வந்தேன் டீச்சர். பெல்லு அடிக்கப் பயம்."

"ஒன் பங்க நாலு மாசம் நான் குடிச்சிருக்கேன்."

"யாருக்காவது போச்சுல்லா, அது போதும்" என்றாள் லோவிசாள், ஆறுதல் சொல்லுகிற மாதிரி. அப்புறம் துணியை விலக்கிப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. தெருவில் வைத்துக் குடிக்க மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். இரண்டு பேரும் திரும்பி நடந்தார்கள், பந்தலுக்கு நடுவிலேயே, முன்னால் லோவிசாள், பின்னால் கிண்ணத்தோடு தயாவதி. பாளையங்கோட்டைக்காரர் சால்வையை விரித்துப் பிடித்தபடி ஒன்றும் புரியாமல் பார்த்தார். வெஸ்திரியில் லோவிசாள் முழங்கால்படியிட்டு, இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை மூடி, ஒரே மடக்கில் குடித்தாள். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. வகுப்பு எடுக்கத் தயாவதியிடம் எதுவும் மிச்சமில்லை.

பிறகு லோவிசாள் எழுந்து, காலிக் கிண்ணத்தைத் திரும்பக் கொடுக்கக் கையை நீட்டினாள். தயாவதி வாங்கவில்லை. தொட்டியிலிருந்து விலகி நின்று, ஈரக் கையால் குழாயைத் திறந்துவிட்டாள். லோவிசாள் ஒரு நிமிஷம் குழாயைப் பார்த்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். வெளியே நாலாவது தடவையாகத் தயாவதியின் பேரைக் கூப்பிட்டார்கள். அவள் துடைக்கிற துணியைக் கையில் விரித்துக்கொண்டு, கழுவி வருகிற கிண்ணத்துக்காகக் காத்து நின்றாள்.